மண்டபம் முதல் அரிச்சல்முனை வரை: நான் திருத்திச் சொல்ல வேண்டிய ஒரு பாடம்

 

போன ஜூன் மாதம் நம் பழைய மாணவர்களோடு ராமேஸ்வரம் தீவைச் சுற்றி வந்த படங்களைப் போட்டிருந்தேன். "படம் மட்டும் போட்டா எப்படி டீச்சர், கதை எங்கே?" என்று பலர் கேட்டீர்கள். அண்ணன் மகள் அமெரிக்காவிலிருந்து போன் போட்டே கேட்டுவிட்டாள். அதனால் எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். வேலையெல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

1983-ல் பரமக்குடிப் பக்கத்துக் கிராமப் பள்ளியில் எனக்கு முதல் வேலை. ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து காத்திருந்து கிடைத்த வேலை. எனக்கு அப்போது 23 வயது. அந்த ஆண்டு என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்களில் 14 பேர் ஒன்றுசேர்ந்து இந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். எல்லோருக்கும் 50 வயது தாண்டிவிட்டது. இரண்டு பேர் பாட்டியாகிவிட்டார்கள். ஆனாலும் வேனில் ஏறியதும் "டீச்சர், நான் ஜன்னல் ஓரம்" என்றுதான் சண்டை.

எங்களுக்கு வழிகாட்டியும் அதே வகுப்புப் பையன்தான். கடைசி வரிசையில் உட்கார்ந்து ஓணானுக்குச் சுருக்குப் போட்டுக்கொண்டிருந்தவன். இன்று சொந்தமாகச் சுற்றுலா வேன் வைத்து, மைக் பிடித்து ஆயிரக்கணக்கான பேருக்கு அந்தக் கடற்கரையைக் காட்டிக்கொண்டிருக்கிறான். எனக்கு அதில் பெருமைதான்.

காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். ராமநாதபுரம், உச்சிப்புளி தாண்டி மண்டபம் வந்தபோது நன்றாக விடிந்திருந்தது. நேராகப் பாலத்துக்குப் போகலாம் என்று அவன் சொன்னபோது, பின் இருக்கையிலிருந்து ஒரு குரல்: "மண்டபம் கேம்ப் ஸ்டேஷன் கிட்ட அஞ்சு நிமிஷம் நிறுத்தேன்." கேட்டவள் எங்களோடு வந்த ஒரு மாணவி. "அங்க பார்க்க ஒண்ணும் இல்லையே" என்றபடியே நிறுத்தினான். அவள் இறங்கி, கொஞ்ச நேரம் ரயில் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வந்து ஏறிக்கொண்டாள். ஏனென்று நான் கேட்கவில்லை. எனக்குக் காரணம் தெரியும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

பாம்பன் சாலைப் பாலத்தில் நின்று பார்த்தால் மனது நிறைந்துவிடுகிறது. வடக்கே பாக் நீரிணைப் பக்கம் கடல் குளம் போலக் கிடக்கிறது. தெற்கே மன்னார் வளைகுடா அலையடித்துக்கொண்டு நிற்கிறது. உள்ளூர்க்காரர்கள் இதைப் பெண் கடல் என்றும் அதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன.

நாங்கள் நின்ற சாலைப் பாலம் 1988 அக்டோபர் 2-ல் திறக்கப்பட்டது. அதற்கு முன்னால் தீவுக்குப் போக ரயில் ஒன்றுதான், இல்லையென்றால் படகு. பக்கத்தில் தெரிந்த பழைய ரயில் பாலம் 1914 பிப்ரவரி 24-ல் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல் நீளம், 145 கண்கள். நடுவில் கப்பல் போக இரண்டு கைகளாகப் பிரிந்து மேலே எழும்பும் தூக்குப் பகுதி. அதை ஆட்கள் கையால் சுற்றித்தான் திறந்தார்கள். உப்புக்காற்றில் 100 ஆண்டுகளுக்கு மேல் உழைத்துவிட்டு 2022 டிசம்பரோடு அது ஓய்வு பெற்றுவிட்டது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்டது. இதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி மின்தூக்கி போல நேராக மேலே போகிறது.

இந்த இடத்தில்தான் நம் வழிகாட்டி மைக்கை எடுத்தான். "எல்லாரும் இங்க கவனிங்க. 1964 புயல்ல இந்தப் பாலத்து மேல வந்த ரயில் அப்படியே கடலுக்குள்ள விழுந்துருச்சு. ஒருத்தர் கூடப் பிழைக்கல."

நான் குறுக்கிட்டேன். "தம்பி, அது தப்புப்பா. ரயில் பாலத்திலிருந்து விழவில்லை."

அவன் திரும்பிப் பார்த்தான். "டீச்சர், நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க! நான் இருபது வருஷமா உங்க பாடத்தைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

வேன் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்று இருந்தது. அவன் சொன்னது உண்மை. நான்தான் அப்படிச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு ஆண்டு, இரண்டு ஆண்டு இல்லை, 30 ஆண்டுகளுக்கு மேல். எனக்குச் சொன்னவர்கள் அப்படிச் சொன்னார்கள், நானும் அப்படியே சொன்னேன். ஓய்வு பெற்ற பிறகுதான் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன்.

என் மாணவர்கள் எல்லோரும் தயவுசெய்து இதைத் திருத்திக்கொள்ளுங்கள். அது 653-ஆம் எண் பாம்பன் – தனுஷ்கோடி பாசஞ்சர். பாம்பன் ரயில் நிலையம் எங்கே இருக்கிறது? பாலத்தைத் தாண்டி, தீவுக்குள். அங்கிருந்து கிளம்பித் தனுஷ்கோடிக்குப் போகிற வண்டி பாலத்தில் ஏறவே ஏறாது. 1964 டிசம்பர் 22 இரவு 11.55-க்குப் பாம்பனை விட்டுக் கிளம்பியது. 110 பயணிகள், ஐந்து ரயில்வே ஊழியர்கள் என்பது பதிவுக் கணக்கு. கணக்கில் வராதவர்களும் இருந்திருப்பார்கள் என்று சொல்வது உண்டு. தனுஷ்கோடி நிலையத்துக்குச் சில நூறு கெஜம் முன்னால், நிலத்தின் மேல் ஏறி வந்த கடல் அந்த ரயிலை இழுத்துக்கொண்டது.

பாலமும் அதே புயலில்தான் சிதைந்தது. 145 கண்களில் 126 போய்விட்டன. தூக்குப் பகுதி மட்டும் தப்பியது. இரண்டும் ஒரே இரவில் நடந்ததால் மக்கள் பேச்சில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. படத்தைப் பார்த்து, நிலையத்தின் பெயரைப் பார்த்து ஒரு நிமிடம் யோசித்திருந்தால் எனக்கே புரிந்திருக்கும். நான் யோசிக்கவில்லை.

பாலத்தைச் சரிசெய்யும் பொறுப்பு இ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரிடம் வந்தது. பின்னாளில் கொங்கண் ரயில்வே, டெல்லி மெட்ரோ என்று பெயர் பெற்றவர்தான். முதலில் ஆறு மாதம் கெடு சொன்னார்கள். மேலதிகாரி மூன்று மாதமாகக் குறைத்தார். ஸ்ரீதரன் 46 நாளில் முடித்துக் கொடுத்தார். கடலுக்குள் விழுந்த இரும்புத் தூலங்களையே தேடி எடுத்து மறுபடி பொருத்தினார்கள். அவை கிடக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க உதவியவர்கள் அந்தக் கடலை அறிந்த மீனவர்கள்.

அடுத்து குந்துகால். பாம்பனிலிருந்து தெற்கே கொஞ்ச தூரம். எதிரே குருசடைத் தீவு தெரிகிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகின்றன. சிகாகோ போய்ப் பேசிவிட்டு ஊர் திரும்பிய சுவாமி விவேகானந்தர், கொழும்பு, யாழ்ப்பாணம் வழியாக வந்து 1897 ஜனவரி 26-ல் இந்த மண்ணில்தான் கால் வைத்தார். வரவேற்றவர் ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி. அங்கே நினைவு மண்டபம் இருக்கிறது, சுத்தமாக வைத்திருக்கிறார்கள்.

தங்கச்சிமடம் வில்லூண்டி தீர்த்தத்தில் இறங்கினோம். கடலுக்குள் இருக்கும் கிணறு, தண்ணீரோ குடிக்கிற மாதிரி. ராமர் வில்லை ஊன்றியதால் ஊறியது என்பது தல வரலாறு. இதன் அறிவியலையும் தெரிந்துகொள்ளுங்கள். மணல் பூமியில் பெய்கிற மழை உள்ளே இறங்கி, கனமான உப்புநீரின் மேல் நல்ல நீராகத் தங்கி நிற்கும். அது கரையோரம் வழி கிடைத்த இடத்தில் ஊற்றாக வெளியே வரும். தனுஷ்கோடியில் கடலுக்குப் பத்தடி தள்ளி மணலைத் தோண்டிக் குடத்தில் தண்ணீர் மொள்ளுகிறார்களே, அதுவும் இதுதான்.

பேக்கரும்பில் கலாம் ஐயா நினைவிடம். எல்லோரும் வணங்கிவிட்டு வந்தோம். அங்கே வேறு ஒன்றும் என் நினைவுக்கு வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போனது. ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே ஓடும் ரயிலிலிருந்து செய்தித்தாள் கட்டுகளை வீசுவார்கள். அதை எடுத்துப் போட உதவி செய்த சிறுவன்தான் கலாம். முதல் சம்பாத்தியம் அதுதான் என்று அவரே எழுதியிருக்கிறார். அந்த ரயில் எங்கே போய்க்கொண்டிருந்தது என்று யோசித்துப் பாருங்கள். தனுஷ்கோடிக்கு. தனுஷ்கோடி ஏன் அவ்வளவு முக்கியம்? இனிமேல்தான் இந்தப் பதிவின் முக்கியமான பகுதி.

மதியச் சாப்பாடு முடித்துக் கோதண்டராமர் கோயில் பார்த்தோம். விபீஷணனுக்குப் பட்டம் கட்டிய இடம் என்பார்கள். இரண்டு பக்கமும் தண்ணீர். 1964 புயலில் தப்பிய கட்டடம் அது. பிறகு முகுந்தராயர் சத்திரம். அங்கிருந்து அரிச்சல்முனைக்கு ஒன்பதரைக் கிலோமீட்டர் தார்ச்சாலை 2017-ல்தான் வந்தது. அதற்கு முன்னால் மணலிலும் தண்ணீரிலும் ஜீப்பில் குலுங்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

தனுஷ்கோடியில் இப்போது இருப்பது இடிந்த தேவாலயச் சுவர், ரயில் நிலையத்தின் மிச்சம், தண்ணீர்த் தொட்டியின் மிச்சம். தேவாலயச் சுவரில் கை வைத்துப் பார்த்தால் பவளப் பாறைக் கற்கள் தெரியும். புயலுக்குப் பிறகு மனிதர் வாழத் தகுதியில்லாத ஊர் என்று அரசு அறிவித்துவிட்டது. ஆனாலும் மீனவக் குடும்பங்கள் கொட்டகை போட்டுக்கொண்டு இன்றும் வாழ்கிறார்கள்.

ஒரு காலத்தில் இது பேய் ஊர் இல்லை, வாசல். 1914-க்கு முன்னால் கொழும்புக்குப் போகிறவர்கள் ரயிலில் தூத்துக்குடிக்குப் போய் அங்கிருந்து கப்பல் ஏறினார்கள். பாம்பன் பாலம் வந்ததும் அந்தப் பாதை மாறிவிட்டது. எழும்பூரில் ஒரே டிக்கெட் வாங்கலாம். போட் மெயிலில் ஏறித் தனுஷ்கோடி, அங்கே ரயிலை விட்டு இறங்கினால் துறையில் கப்பல், கடலைக் கடந்தால் தலைமன்னார், அங்கே கொழும்பு ரயில். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். சுங்க அலுவலகம், தபால் தந்தி அலுவலகம், மருத்துவமனை, பள்ளிக்கூடம், சத்திரம் எல்லாம் இருந்த ஊர். ராமேஸ்வரம் வண்டியை இன்றும் பெரியவர்கள் போட் மெயில் என்றுதான் சொல்கிறார்கள். போட் போய் 40 ஆண்டு ஆகிறது, பெயர் போகவில்லை.

இந்தப் பாதையில் வியாபாரிகளும் அதிகாரிகளும் யாத்திரைக்காரர்களும் போனார்கள். ஆனால் இந்தக் கடலைக் கூட்டம் கூட்டமாகக் கடந்தவர்கள் வேறு. தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம் ஜனங்கள். ராமநாதபுரம், மதுரை, புதுக்கோட்டை, திருச்சிச் சீமைக் கிராமங்களிலிருந்து பஞ்சமும் கடனும் விரட்டிப் போனவர்கள்.

ரயில் வருவதற்கு வெகுகாலம் முன்பே, 1830-களுக்குப் பிறகு காப்பித் தோட்டங்கள் பெருகிய காலத்திலேயே இது தொடங்கிவிட்டது. கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பார். ஊரிலிருந்து நடந்தே கடற்கரைக்கு வந்து, தோணியில் மன்னார்க் கரைக்குப் போய், அங்கிருந்து காட்டு வழியாக நூறு மைலுக்கு மேல் நடந்து மலைக்குப் போவார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 1869-ல் காப்பி இலையில் துரு போன்ற நோய் வந்தது. கொஞ்ச ஆண்டுகளில் காப்பி அழிந்து தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுக்கக் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும். அதனால் குடும்பம் குடும்பமாகப் போனார்கள்.

மண்டபத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிறவர்களுக்காக ஒரு முகாம் இருந்தது. மண்டபம் கேம்ப் என்ற பெயர் அதனால் வந்ததுதான். நோய் கொண்டுபோகக் கூடாதென்று சில நாட்கள் தங்கவைத்து, பரிசோதித்து, அம்மை குத்தி, பிறகுதான் கப்பலுக்கு அனுப்புவார்கள். எந்தத் தோட்டத்துக்கு என்று அடையாளம் பொறித்த சின்னத் தகர வில்லையைக் கழுத்தில் கட்டி அனுப்பிய காலமும் உண்டு.

1948-ல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் ஊர் இல்லை என்றாயிற்று. 1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கு. 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது. 1974-ல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதி, 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். எங்கே இருக்க விருப்பம் என்று அந்த ஜனங்களைக் கேட்டு எடுத்த முடிவில்லை இது.

தேதிகளைக் கவனியுங்கள். ஒப்பந்தம் 1964 அக்டோபர் 30. தனுஷ்கோடி அழிந்தது 1964 டிசம்பர் 22-23. அரசாங்கம் "திரும்பி வாருங்கள்" என்று கையெழுத்துப் போட்டு இரண்டு மாதம் ஆவதற்குள், அவர்கள் புறப்பட்டுப் போன துறையைக் கடல் கொண்டுபோய்விட்டது. அந்தப் புயலில் இறந்தவர்கள் சுமார் 1,800 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். பாலத்தைச் சரிசெய்து ராமேஸ்வரம் வரை ரயில் விட்டார்கள். தனுஷ்கோடிப் பாதையை விட்டுவிட்டார்கள். அதன்பின் கப்பல் ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடியது. தாயகம் திரும்பியவர்கள் அந்தக் கப்பலில்தான் வந்தார்கள், மண்டபம் முகாமில் பதிந்துகொண்டு, குடும்ப அட்டை வாங்கி, நீலகிரிக்கும் மற்ற ஊர்களுக்கும் பிரிந்து போனார்கள். இலங்கையில் போர் மூண்ட பிறகு 1980-களின் நடுப்பகுதிக்குள் கப்பலும் நின்றுவிட்டது. அதே மண்டபம் அகதிகள் முகாமாக மாறியது.

இதையெல்லாம் தேவாலயச் சுவர் ஓரம் நிழலில் உட்கார்ந்து சொன்னேன். இதில் ஒரு வரியைக் கூட வகுப்பில் நான் சொன்னதில்லை. பாடப் புத்தகத்தில் இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நான் சொல்லாமல் விட்டதற்குக் காரணம் வேறு.

சொந்தபந்தங்களுக்குத் தெரியும். என் சொந்த அத்தை, அப்பாவின் மூத்த அக்கா, சிலோன் போனவர்தான். 1947-ல் கல்யாணம் ஆன கையோடு தனுஷ்கோடியில் கப்பல் ஏறினார். அட்டன் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் 27 ஆண்டு கொழுந்து பறித்தார். மாமா இறந்த பிறகு 1974-ல் திரும்பி வந்து எங்கள் வீட்டில்தான் இருந்தார். ராமேஸ்வரத்தில் கப்பலை விட்டு இறங்கியதும், கூப்பிடப் போன அப்பாவிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏறுன எடத்துலதானய்யா எறக்கி விடணும், தனுஷ்கோடி எங்க?" என்பதுதானாம். அப்பா "கடல் கொண்டு போயிருச்சுக்கா" என்றாராம். அத்தைக்குப் புயல் தெரியும். ஊரே இல்லை என்பது தெரியாது.

அப்போது எனக்கு 14 வயது. வெளியில் யாராவது கேட்டால் "அத்தை மதுரையில இருந்து வந்திருக்காங்கன்னு சொல்லு" என்பார் அம்மா. தோட்டத்துக்குப் போனவர்கள் என்றால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். எனக்கு வரன் பார்க்க வேண்டும் அல்லவா. அத்தை 1991-ல் காலமானார். 17 ஆண்டு ஒரே வீட்டில் இருந்தும், கேம்ப் எப்படி இருந்தது, கப்பல் எப்படி இருந்தது என்று ஒரு நாள் கூட நான் உட்கார்ந்து கேட்டதில்லை. வரலாறு நடத்துகிற டீச்சர்!

இனி அந்த மாணவியைப் பற்றி. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க டீச்சர், பேரு மட்டும் வேணாம்" என்றாள். 1982-ல், ஒன்பது வயதில், அப்பா அம்மாவோடு தலைமன்னாரிலிருந்து கப்பலில் வந்தவள். மண்டபம் முகாமில் சில நாட்கள் இருந்துவிட்டு எங்கள் பள்ளி இருந்த ஊருக்கு உறவினரைத் தேடி வந்த குடும்பம். 1983-ல் என் வகுப்பு. அவள் பெயரிலேயே இன்னொரு பெண்ணும் வகுப்பில் இருந்தாள். வருகைப் பதிவேடு எடுக்கும்போது குழப்பம் வராமல் இருக்க, இவளை நான் பெயருக்கு முன்னால் சிலோன் என்று சேர்த்துக் கூப்பிட்டேன். தினமும் காலையிலும் மதியமும். கொஞ்ச நாளில் பிள்ளைகள் பெயரை விட்டுவிட்டு "சிலோனு" என்றே கூப்பிட்டார்கள். நான் கண்டிக்கவில்லை. தொடங்கி வைத்தவளே நான்தானே.

அந்த ஆண்டு தனுஷ்கோடிப் பாடம் நடத்தியபோது "கப்பல் பார்த்தவங்க யாரு?" என்று கேட்டேன். அவள் ஒருத்திதான் கை தூக்கினாள். "நான் கப்பல்லதான் வந்தேன் டீச்சர்" என்றாள். "சரி, உட்காரு" என்று சொல்லிவிட்டுப் பாலத்திலிருந்து ரயில் விழுந்த கதையைத் தொடர்ந்தேன். நினைத்துப் பாருங்கள். கடலைக் கடந்து வந்த பிள்ளையை உட்காரச் சொல்லிவிட்டு, நடக்காத ஒன்றை நடந்ததாக நடத்தியிருக்கிறேன். அவளைப் பேச விட்டால் எங்கள் வீட்டு அத்தையின் கதையும் வெளியே வந்துவிடும் என்ற பயம் அன்று எனக்குள் இருந்திருக்கிறது. இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

தனுஷ்கோடியில் எல்லோர் முன்னாலும் இதைச் சொல்லி, "என்னை மன்னிச்சிரும்மா" என்றேன். வகுப்பே அமைதியாகிவிட்டது. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "எனக்கு அப்போ கோவம் இல்ல டீச்சர், பயம்தான். அங்க எங்களை இந்தியாக்காரங்கன்னாங்க. இங்க வந்தா சிலோன்காரங்கன்னாங்க. அப்ப நாங்க யாருன்னு அம்மாகிட்ட கேட்டேன். அம்மா அழுதுச்சு. அதுக்கப்புறம் கேக்கல." தன் பிள்ளைகளிடமும் இதுவரை அவள் சொன்னதில்லையாம். மருமகள் வந்த பிறகு இன்னும் சொல்ல முடியவில்லை என்றாள். 40 ஆண்டு கழித்தும் என் அம்மாவின் பயம் அவளிடமும் இருக்கிறது.

நான் வழிகாட்டியைப் பார்த்தேன். அவன் மைக்கை அவளிடம் நீட்டினான். பத்து நிமிடம் பேசினாள். தோட்டத்து லயத்தில் ஒரே வரிசையாக வீடுகள் இருந்தது, புறப்பட்ட அன்று வளர்த்த நாயைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தது, கப்பலில் அம்மா ஒரு தகரப் பெட்டியைக் கடைசி வரை மடியிலிருந்து இறக்காமல் இருந்தது, முகாமில் வரிசையில் நின்று சோறு வாங்கியது. இவ்வளவுதான். 1983-லேயே எங்கள் வகுப்புக்குக் கிடைத்திருக்க வேண்டிய பாடம்.

அரிச்சல்முனைக்குப் போனபோது வெயில் தாழ்ந்திருந்தது. அசோகத் தூண் பக்கத்தில் எல்லோரும் படம் எடுத்தார்கள். ஒரு பக்கம் பச்சையாக, ஒரு பக்கம் நீலமாக இரண்டு கடலும் ஒரு முனையில் மோதுகிற அழகை வார்த்தையில் சொல்ல முடியாது. 1966 ஏப்ரலில் மிஹிர் சென் என்ற வீரர் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தியே வந்தார். நீந்தி வரக்கூடிய தூரம்தான். ஆனால் எவ்வளவு பேரின் வாழ்க்கை அந்தக் கொஞ்சத் தண்ணீரில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அலைந்திருக்கிறது! ராமர், விவேகானந்தர், கலாம் எல்லோருக்கும் இந்தக் கரையில் அடையாளம் இருக்கிறது, மகிழ்ச்சி. கழுத்தில் தகரம் கட்டிக்கொண்டு இந்த வழியாகப் போனவர்களுக்கு ஒரு பலகை கூட நாங்கள் நின்ற இடங்களில் என் கண்ணில் படவில்லை.

மாலையில் போலீஸ்காரர்கள் எல்லோரையும் கிளம்பச் சொன்னார்கள். திரும்பும்போது வேனில் ஆள் சரியாக இருக்கிறதா என்று பழைய பழக்கத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் முறை வந்தபோது பெயரை மட்டும் சொன்னேன். "உள்ளேன் டீச்சர்" என்றாள்.

நம் வழிகாட்டி போன வாரம் போன் செய்தான். இப்போதெல்லாம் பாலத்தில் நிறுத்தும்போது "ரயில் இங்க விழல, தனுஷ்கோடி கிட்ட" என்று சொல்கிறானாம். "சில பேரு ஒத்துக்க மாட்டேங்கிறாங்க டீச்சர், யூடியூப்ல வேற மாதிரி சொல்றாங்களேங்கிறாங்க" என்றான். விடாமல் சொல்லச் சொல்லியிருக்கிறேன். மண்டபம் கேம்ப்பிலும் இப்போது ஐந்து நிமிடம் நிறுத்துகிறானாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் சிலோன், மலேயா, பர்மா என்று போய்வந்த பெரியவர்கள் இருக்கலாம். இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஆண்டு, எந்தத் துறை, யாரோடு போனார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். செல்போனில் குரலைப் பதிந்தாலும் சரி. நான் என் அத்தையிடம் கேட்காமல் விட்டதை நீங்கள் விட்டுவிடாதீர்கள். குடும்ப அட்டையோ பழைய கப்பல் டிக்கெட்டோ பெட்டியில் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நான் எழுதியதில் தவறு ஏதும் இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். திருத்திக்கொள்கிறேன். 30 ஆண்டு தவறாகச் சொன்னவள் இனியாவது திருத்திக்கொள்ளத்தானே வேண்டும்.



என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்